பரலோக ஆசையும் நாடாக் கயிறும்

பரலோகத்தையே நினைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்கிற கவலை இருக்குமா? கிறிஸ்தவ பக்தியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். "இந்த உலகம் நம்ம ஊர் இல்லை, நாம வழிப்போக்கர்கள்" என்று சொல்கிறவன் பெண்டாட்டி பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வான்? நியாயமான கேள்விதான். சித்தாந்தமாகப் பதில் சொல்கிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஆனால் வரலாற்றிலிருந்து ஒரு மனுஷனைக் காட்ட முடியும். அவர் பெயர் ஜான் பனியன். (சிரிக்காதீர்கள், அவர் பெயரே அதுதான் :-))

1628-ல் இங்கிலாந்தில், பெட்ஃபோர்டு பக்கத்தில் எல்ஸ்டோ என்கிற கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில். மகனுக்கும் அதே தொழில்தான். நம்ம தெருக்களில் "ஈயம் பூசலையோ ஈயம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அவருடையது என்று சொல்லப்படுகிற பட்டறைக்கல் ஒன்று பெட்ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது. அவர் பெயரும் 1647 என்ற ஆண்டும் அதில் பொறித்திருக்கிறது.

1649 வாக்கில் கல்யாணம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லாத வறுமை என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அந்த அம்மா சீதனமாகக் கொண்டுவந்தது இரண்டே புத்தகங்கள். அதில் ஒன்று ஆர்தர் டென்ட் எழுதியது. சாதாரண மனுஷன் பரலோகத்துக்குப் போகிற பாதை என்பதுதான் அதன் தலைப்புக்கு அர்த்தம். சோறு பொங்கப் பாத்திரம் இல்லாத வீட்டில் பரலோகத்துக்கு வழி சொல்கிற புத்தகம் இருந்திருக்கிறது, பாருங்கள்!

அவரை நிஜமாகவே அசைத்தது புத்தகம்கூட இல்லை. ஒருநாள் பெட்ஃபோர்டில் தொழிலுக்குப் போனபோது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாசலில் வெயிலில் உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். மேடை, பிரசங்கம் எதுவும் கிடையாது. சாதாரண திண்ணைப் பேச்சு. அந்தச் சந்தோஷம் தனக்கு இல்லையே என்று ஏங்க ஆரம்பித்தவர், அவர்களுடைய சபையிலேயே சேர்ந்தார், பிறகு பிரசங்கியாரும் ஆனார்.

1658-ல் முதல் மனைவி இறந்துபோனார். நான்கு குழந்தைகள், மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. அடுத்த வருஷம் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரசராகத் திரும்பி வந்ததும் காற்று மாறியது. அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டுகிறவர்கள் மேல் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 12-ம் தேதி பனியன் கைதானார். கர்ப்பமாக இருந்த எலிசபெத்துக்குச் செய்தி கேட்ட அதிர்ச்சியில் பிரசவ வலி வந்து, பிறந்த குழந்தை தங்கவில்லை.

கேள்வி கடினமாவது இங்கேதான். "இனிமேல் பிரசங்கம் பண்ண மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. 1672 வரைக்கும், ஏறக்குறைய 12 வருஷம் சிறை. நடுவில் காவலர்கள் கண்டும் காணாமல் வெளியே விட்டது உண்டு. ஆனாலும் சிறை சிறைதானே.

குடும்பம் என்ன ஆனது? 1661 ஆகஸ்டில் எலிசபெத் நீதிபதிகள் முன்னால் போய் நின்றார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகாத பெண். வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒன்றுக்குக் கண் தெரியாது, நல்லவர்கள் கொடுக்கிற தர்மத்தில் வாழ்கிறோம் என்று சொன்னார். மேத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் கொஞ்சம் இரக்கமாகப் பேசினார். உன் புருஷன் பிரசங்கத்தை விடுவானா என்று கேட்டதற்கு, வாய் இருக்கிறவரை விட மாட்டார் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார் அந்த அம்மா. கேஸ் அதோடு முடிந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பனியனைவிடப் பெரிய ஆள் எலிசபெத்தான்.

அதற்காகப் பனியன் கவலையில்லாமல் உள்ளே உட்கார்ந்து பஜனை பாடிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தது போல இருந்தது என்றும், கண் தெரியாத மகள் வெளியே அடிபட்டுப் பசியோடு நிற்பாளே என்ற நினைப்புதான் அதிகம் வதைத்தது என்றும் 1666-ல் வெளிவந்த சுயசரிதையில் சொல்கிறார். அதனால் சிறையிலேயே ஒரு கைத்தொழிலைப் பிடித்தார். அந்தக் காலத்தில் துணியையும் செருப்பையும் கட்டுகிற நாடாக்களுக்கு முனையில் உலோகக் குப்பி மாட்டுகிற வேலை. அப்படி நூற்றுக்கணக்கான குரோஸ் (ஒரு குரோஸ் என்றால் 144) செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். பேனா பிடித்த அதே கைதான் குப்பியும் மாட்டியது.

அவருடைய மோட்சப் பிரயாணம் 1678-ல் வந்தது. அதில் கதாநாயகன் முதுகில் மூட்டையோடு, மனைவி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். முதலில் சொன்ன கேள்விக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 1684-ல் பனியன் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அந்த மனைவியும் நான்கு பையன்களும் கிளம்புகிறார்கள். ஓட்டம் எல்லாம் இல்லை. தங்கித் தங்கிப் போகிறார்கள். பையனுக்கு வயிற்று வலி வருகிறது, வைத்தியர் வருகிறார். கல்யாணம் நடக்கிறது. கூடப் போகிற பெண் ஒருத்தி ஓய்ந்த நேரத்தில் ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள். கடைசியில் தாய்க்கு அழைப்பு வந்து ஆற்றைக் கடக்கிறாள். பிள்ளைகள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள், இருந்து வாழ வேண்டும் என்பதற்காக. முதல் பாகம் எழுதினவர் சிறை பார்த்த மனுஷன். இரண்டாம் பாகத்தில் எலிசபெத்தின் நிழல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கதை நம்ம பக்கத்துக்கும் வந்தது. "பரதேசியின் மோட்சப் பிரயாணம்" என்ற பெயரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வீட்டில் இதைப் படித்தார்கள். (பரதேசி இன்றைக்குத் திட்டுகிற வார்த்தையாகிவிட்டது, அது வேறு கதை.) திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, இந்தக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தை 1894-ல் வெளியிட்டார். கம்பனில் ஊறின கை. அதனால் அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்றே பெயர். தமிழில் குடியிருக்கிற இடத்துக்கும் மோட்சத்துக்கும் 'வீடு' என்ற ஒரே சொல் இருக்கிறதே, அது இந்தக் கதைக்காகவே செய்த மாதிரி இருக்கிறது.

1685-ல், மறுபடியும் நெருக்கடி காலம். சொத்தைப் பறிமுதல் செய்துவிடுவார்களோ என்ற பயம். பனியன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் எலிசபெத்துக்குத் தானப் பத்திரமாக எழுதிவைத்தார். நாடு முழுக்கப் பேர் வாங்கின எழுத்தாளர், அந்தப் பத்திரத்தில் தன் தொழில் பாத்திர வேலை என்றே போட்டிருக்கிறார்.

1688 ஆகஸ்ட். ஒரு அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை, சமாதானம் பண்ணி வைக்க ரெடிங் ஊருக்குக் குதிரையில் போனார். சேர்த்து வைத்துவிட்டு லண்டன் வரும் வழியில் நல்ல மழை. நனைந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டு, 31-ம் தேதி உயிர் போனது. வாழ்நாள் முழுக்கப் பரலோகத்துக்கு ஏங்கினவர் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன வேலை, யாரோ ஒருத்தர் வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைத்தது.

அவர் எடுத்த முடிவு சரியா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. அந்தக் கண் தெரியாத மகளைக் கேட்டால் வேறு பதில் வந்திருக்கலாம். ஆனால் பரலோகத்தை நினைக்கிறவனுக்கு வீட்டு நினைப்பு இருக்காது என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், அந்த நூற்றுக்கணக்கான குரோஸ் நாடாக்களைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.