அருவங்காட்டு மருந்தும் அடுத்தவன் துப்பாக்கியும்

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்குவது எப்படி என்கிற பதிவு இல்லை. வரலாறு பிடிக்காதவர்கள் இப்பவே எஸ்கேப் ஆகிடலாம் :-)

என் வாழ்க்கையில் நான் துப்பாக்கியால் சுட்டது மொத்தம் 5 ரவுண்டு. இஞ்சினியரிங் படிக்கும்போது என்.சி.சி. முகாமில், குப்புறப் படுத்துக்கொண்டு, பாயிண்ட் டூ டூ ரைபிளில். நாலு குண்டு அட்டையில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. ஐந்தாவது எங்கே போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. "பக்கத்து அட்டைக்காரன் ஆறு அடிச்சிருக்கான், அவனுக்கு வாழ்த்து சொல்லு"ன்னு உஸ்தாத் ஹிந்தியில் கலாய்த்தார்.

லீவுக்கு ஊருக்குப் போனதும் இதைத் தாத்தாவிடம் பீத்திக்கொண்டேன். அருவங்காட்டில் தாத்தா ஒரு சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். ஊரே கார்டைட் பேக்டரியை நம்பி இருக்கும் ஊர். காலையில் வேலைக்குப் போகிறவர்களில் சிலர் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் கடை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் எடுத்துக்கொள்வார்கள். வெடிமருந்து செய்யும் இடத்துக்குள் தீப்பெட்டி போகக்கூடாது இல்லையா. சின்ன வயசில் அந்த அலமாரியைப் பார்த்து, தாத்தா பழைய தீப்பெட்டி வியாபாரம் பண்றார்னு நினைத்திருக்கிறேன்.

தாத்தா என் ஐந்து ரவுண்டு கதையைக் கேட்டுவிட்டு என்ன கேட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரத்தில் இதைப் பற்றி நோண்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் கார்டைட் என்றால் என்ன? 1889இல் ஃபிரெடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிரிட்டிஷ் அரசுக்காகக் கண்டுபிடித்த புகையில்லா வெடிமருந்து. அதுக்கு முன்னாடி இருந்தது கரிமருந்து. பத்துப் பேர் சேர்ந்து சுட்டால் எதிரில் ஒன்றும் தெரியாது, அவ்வளவு புகை. (டைனமைட் புகழ் ஆல்ஃபிரட் நோபல், "இது என் சரக்கு, காப்பியடிச்சுட்டாங்க"ன்னு கேஸ் போட்டார். 1895இல் பிரபுக்கள் சபை வரைக்கும் போய்த் தோற்றார். காப்புரிமை மனுவில் அவர் எழுதியிருந்த ஒரு சொற்றொடரை வைத்தே கவிழ்த்துவிட்டார்கள். ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்டில் ஒரு வார்த்தை தப்பானால் என்ன ஆகும்னு நம்மாளுங்களுக்குத் தனியா சொல்லணுமா!)

செய்முறை நம்ம வீட்டு இடியாப்பம் மாதிரிதான். நைட்ரோகிளிசரினையும் கன்காட்டன் என்கிற வேதிப்பொருள் ஏற்றிய பஞ்சையும் கலந்து, அசிட்டோன் ஊற்றி மாவு பிசைவது போலப் பிசைய வேண்டும். கூடவே கொஞ்சம் வாசலின். ஆமாங்க, உதட்டுக்குத் தடவுகிற அதே சங்கதி. ஆரம்பக் கணக்கு நைட்ரோகிளிசரின் 58, கன்காட்டன் 37, வாசலின் 5 சதவீதம். பிசைந்ததை அச்சில் போட்டு அழுத்தினால் கயிறு கயிறாக வரும். கயிறுக்கு இங்கிலீஷில் கார்டு, அதனால் கார்டைட். அப்புறம் அசிட்டோன் ஆவியாகிப் போகும்வரை மெல்லிய சூட்டில் நாள்கணக்கில் காயவைக்க வேண்டும்.

இந்த இடியாப்பத்துக்கு வெயில் ஆகாது. சூட்டில் கன்காட்டன் மெல்ல மெல்லச் சிதையும், சிதையச் சிதைய இன்னும் சூடாகும். ஒருநாள் தானாகவே பற்றிக்கொண்டாலும் ஆச்சரியம் இல்லை. நம்ம சமவெளி வெயிலில் இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? குளிர்ந்த மலை, பக்கத்தில் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் வெலிங்டன் ராணுவ முகாம். 1903இல் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது இந்தப் பின்னணியில்தான். மலை ரயில் அப்போது குன்னூர் வரைதான் வந்திருந்தது (1899). ஊட்டிக்கு ரயில் ஏறினது 1908இல். தொழிற்சாலைக்கு மின்சாரம் கொடுக்கக் கேத்தி பக்கம் இருக்கும் காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். "இந்தியாவிலேயே முதல் நீர்மின் நிலையம் எங்க ஊர்ல"ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் மார்தட்டுவார். ஸாரி மாமா, டார்ஜிலிங் 1897, சிவனசமுத்திரம் 1902. நாம லேட்டு.

இங்கே செய்த மருந்து யாருடைய துப்பாக்கிக்குப் போனது? பட்டாளத்தின் .303 ரைபிள் தோட்டாக்களுக்கு. வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பில் தொங்கிய .455 வெப்லி ரிவால்வரும் கார்டைட் தோட்டாவில் ஓடின சாமான்தான். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்வார்கள். சொந்தக் காசு என்பதால் பராமரிப்பும் பலமாக இருந்திருக்கும்னு நினைக்கிறேன், நாம பைக்கைத் துடைக்கிற மாதிரி.

அந்தப் பராமரிப்பில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. அக்காலத் தோட்டாவின் அடியில் இருக்கும் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். அதாவது கிட்டத்தட்ட நம்ம சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெயை எவ்வளவு ஊற்றினாலும் உப்பு எண்ணெயில் கரையாது. வழி ஒன்றுதான், வெந்நீர். புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் குழலில் ஊற்றி, காயவைத்து, துணி விட்டு இழுத்து, அப்புறம்தான் எண்ணெய். ஊட்டி குன்னூர் மாதிரி ஜூன் மாதம் சட்டையே காயாத ஊரில் ஒருநாள் சோம்பல்பட்டால் போதும், குழல் காலி. இப்போதைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு கிடையாது. ஆனாலும் என்.சி.சி.யில் ஒரு முனையில் எடை கட்டிய புல் த்ரூ கயிற்றில் சிந்தித் துணியைச் செருகி, குழலுக்குள் விட்டு இழுக்க வைத்தார்கள். கை வலிக்க வலிக்க இழுத்தபோது காரணம் தெரியாது. இப்போ தெரியுது.

சரி, மெயின் மேட்டருக்கு வருவோம்.

மருந்து செய்த கைகளில் பெரும்பகுதி நம்மாட்கள் கை. அதைச் சுட்டுப் பார்க்க யாருக்கு அனுமதி? லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் அதிலிருந்து விலக்கு. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களா வராந்தாவில் பாட்டிலை வைத்துச் சுட்டுப் பழகலாம், நீலகிரி வாலண்டியர் ரைபிள்ஸில் சேர்ந்து முறையாகவும் பழகலாம். அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவரை இரவில் கரடி வழிமறித்தால், கையில் கம்புதான். இது போதாதென்று 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. துரைமார்களின் வேட்டைக்கு மிருகம் மிச்சம் இருக்க வேண்டும் என்ற கவலை அதில் பெரும்பங்கு. அந்தச் சட்டத்தால் சில உயிரினங்கள் பிழைத்தது என்னவோ உண்மை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பாகுபாட்டை நம்மாட்கள் சும்மா விடவில்லை. 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் நடந்த காங்கிரஸின் மூன்றாவது மாநாட்டிலேயே ஆயுதச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் வந்துவிட்டது. பயிரையும் உயிரையும் காட்டு மிருகத்திடமிருந்து காப்பாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை என்பது அக்காலத்தில் அடிக்கடி வைக்கப்பட்ட வாதம். அகிம்சைக்குப் பேர்போன காந்தியே 1918இல் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது, வெள்ளையர் செய்த தவறுகளிலேயே கருப்பானது ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கின இந்தச் சட்டம்தான் என்ற பொருளில் எழுதினார். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், எனக்கு இருந்தது.

கைத்துப்பாக்கிப் பயிற்சி என்றதும் தமிழனுக்கு நினைவுக்கு வரும் பெயர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ், பிரவுனிங் பிஸ்டல். கொலை சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அது வேற கச்சேரி. என் கவனம் வேறு இடத்தில். வாஞ்சி சுடப் பழகியது எங்கே? புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் என்கிறார்கள். ஏன் புதுச்சேரி? அது பிரெஞ்சுக்காரன் மண், வெள்ளைக்கார போலீஸும் ஆயுதச் சட்டமும் அங்கே செல்லாது. பிஸ்டலோ பெல்ஜியம் கம்பெனி ரகம். சென்னை மாகாணத்து மலையில் டன் கணக்கில் வெடிமருந்து தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரு தமிழன் குறிபார்க்கப் பழக எல்லை தாண்ட வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கொசுறு. முதுமலை, பந்திப்பூர் தாண்டி மைசூர் வழியாகப் போனால் குடகு. அங்கே கொடவர்களுக்கு 1861இல் மார்க் கப்பன் துப்பாக்கி வைத்துக்கொள்ள விலக்கு கொடுத்தார். அது சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 2019இல் மறுபடி பத்து ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டிருக்கிறது. நீலகிரியில் யாருக்கும் அப்படி ஒரு விலக்கு கிடையாது.

இனப் பாகுபாட்டை 1920களின் ஆரம்பத்தில் விதிகளிலிருந்து எடுத்தார்கள். சுதந்திர இந்தியாவின் சட்டம் 1959இல் வந்தது. இப்போது வெள்ளை கருப்பு இல்லை, எல்லாருக்கும் லைசென்ஸ். பட்டாளமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. ரகம் பொதுமக்களுக்குத் தடை என்பதால் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருத்தர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

அப்படி லைசென்ஸ் .32 ரிவால்வர் வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர். நண்பனின் பெரியப்பா, கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். போன வருஷம் போயிருந்தபோது, "பெரியப்பா, கொஞ்சம் காட்டுங்களேன்"னு கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்தோம்.

அவர் எடுத்த விதமே தனி. குழல் யாரையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம். விரல் விசையில் இல்லை, வெளியே. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, அப்புறம் விரலை விட்டும் பார்த்தார். "நேத்து நான்தான் காலி பண்ணி வெச்சேன். ஆனா நேத்து வெச்சவனை இன்னிக்கு நம்பக்கூடாது தம்பி" என்றார். தோட்டா வேறு அறையில் வேறு பீரோவில். தோல் உறை அழகாக இருந்தது, ஆனால் உள்ளே துப்பாக்கி இல்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறையிலேயே போட்டுவைத்தால் நம்ம மூடுபனிக்கு ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடுமாம். எண்ணெய்த் துணியில் சுற்றி, கூட சிலிக்கா பொட்டலம் போட்டு வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை துடைப்பு. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பு, முடிந்ததும் திரும்ப வாங்குதல். இதற்கு ஒரு நாய்க்குட்டியே வளர்க்கலாம்னு தோணிச்சு.

"எத்தனை தடவை சுட்டிருக்கீங்க?"

"ரேஞ்சுல அட்டையில நிறைய. உயிர் மேல ஒண்ணுகூட இல்லை."

"காட்டெருமை வந்தா?"

"இதை வெச்சா? அதுக்குக் கொசு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் அது நம்மளைக் கடிக்கும்." சிரித்துவிட்டு மேசை மேலிருந்த ஐந்து பேட்டரி டார்ச்சைக் காட்டினார். எஸ்டேட்டில் அவரைக் காப்பாற்றியது அதுதானாம். இருட்டின பிறகு தனியாக நடக்காதே, நடந்தால் சத்தம் போட்டுக்கொண்டே நட, வளைவில் நின்று வெளிச்சம் அடித்துப் பார், லயன் வீட்டைச் சுற்றிப் புதர் வளர விடாதே, மிச்சச் சோற்றை வெளியே கொட்டிக் கரடிக்கு விருந்து வைக்காதே. முப்பது வருஷம் தொழிலாளர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதாகச் சொன்னார்.

தற்காப்புக்காக ஒரு காட்டு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 11(2) பிரிவு சொல்கிறது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவரிடம் அன்றும் துப்பாக்கி இல்லை, இன்றும் இல்லை. 2014 ஜனவரியில் ஊட்டி அருகே மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டது அரசாங்கத் துப்பாக்கி. 2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடி பக்கம் மூன்று வாரம் தேடி டி23 புலியைப் பிடித்தது மயக்க ஊசித் துப்பாக்கி. நடுவில் உயர் நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தது. அந்த மூன்று வாரமும் காலையில் வேலைக்குப் போனவர்களிடம் இருந்தது கம்பும் டார்ச்சும்தான்.

கார்டைட் இப்போது பழங்கதை. வேறு மருந்துகள் வந்துவிட்டன. 2021இல் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்தபோது அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் போனது. பெயர்ப் பலகையில் கார்டைட் இன்னும் இருக்கிறது.

தாத்தா கேட்டதைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு முழுசாகக் கேட்டார். நாலு குண்டு பட்டதா ஐந்து பட்டதா என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. அறுபது வருஷம் அந்த ஊரில் இருந்தவர், துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

"சத்தம் எப்படிடா இருந்துச்சு?"

"பெரிசா ஒண்ணும் இல்ல தாத்தா. பட்டுனு ஒரு சத்தம்."

கொஞ்சம் யோசித்தார். "மருந்து நம்மூருதா?"

தெரியவில்லை. காலித் தோட்டாவையெல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டுவிட்டார்கள், ஒன்று குறைந்ததென்று அரைமணி நேரம் புல்லில் தேட வைத்தார்கள், என்னிடம் எதுவும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வெளியே விட்டார்கள் என்றேன். "ஓஹோ" என்றார். அதற்குள் பேக்டரி ஆள் ஒருத்தர் வந்துவிட்டார். தாத்தா திரும்பி அலமாரியிலிருந்து அவருடைய தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.