திண்ணையும் மண்டபமும்

ஒரே வயதினர், ஒரே பாடம், ஒரே வேகம் என்னும் வகுப்பொழுங்கு பள்ளிக்கூடத்துடன் உடன்பிறந்ததெனப் பலரும் எண்ணுவர். கல்வி வரலாறு அவ்வாறு கூறவில்லை.

தமிழர் வளர்த்த திண்ணைப் பள்ளிகளில் வயதுக்கொரு வகுப்பு என்னும் பிரிவு இருக்கவில்லை. ஒரு சிறுவன் மணலில் அரிச்சுவடி எழுத, அருகிருப்பவன் ஏட்டில் எண்சுவடி பயில்வான். மூத்தவன் நிகண்டு மனனஞ் செய்வான். ஒன்று கைவந்த பின்னரே மாணாக்கன் மற்றொன்றைத் தொடங்கினான். உபாத்தியாயருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை இளையோரைப் பயிற்றினான். அப்பள்ளிகளைக் குறையற்றவை எனல் பொருந்தாது. நெட்டுருவும் பிரம்பும் அங்கே ஆட்சி செய்தன. பெண்களிற் பெரும்பாலாரும் ஒடுக்கப்பட்ட மக்களும் புறத்தே நிறுத்தப்பட்டனர். எனினும், உள்ளே இருந்தவன் தன் ஆற்றலுக்கேற்ற நடையில் முன்சென்றான்.

இம்முறையின் ஒரு கூறு கடல் கடந்த வரலாறு சிந்தித்தற்குரியது. ஸ்கொத்லாந்து தேசத்தவரான அன்றூ பெல் என்பார், 1789இல் சென்னை எழும்பூரிலே படைவீரரின் ஆண்மக்களுக்கென அமைந்த அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் விரலால் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உதவியாசிரியர்கள் இணங்காமையால், எட்டு வயதுச் சிறுவனொருவனையே கீழ்வகுப்புக்கு ஆசானாக்கினார். முயற்சி பலித்தது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது.

1798இல் இலண்டனிலே பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்ரர் இதனையொத்த முறையைப் பெருமளவில் விரித்தார். கைத்தொழிற் புரட்சியாற் பெருகிய நகரங்களுக்குக் குறைந்த செலவிற் கல்வி வேண்டியிருந்தது. ஆகவே, பெருமண்டபத்தில் ஓராசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான சிறுவர் அணியணியாக அமர்த்தப்பட்டனர். திண்ணையிலே மாணாக்கனை அறிதற்குத் துணைநின்ற சட்டாம்பிள்ளை, மண்டபத்திலே ஆசிரியர் சம்பளத்தை மீதப்படுத்தும் கருவியானான்.

சிக்கனம் இவ்வளவில் நிற்கவில்லை. 1862இல் இங்கிலாந்து அரசு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெறும் தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிக்கு நன்கொடை வழங்கத் தொடங்கியது. அதனாற் கற்பித்தல் பரீட்சைப் பயிற்சியாகச் சுருங்கியது. 1890களில் அம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

இவ்விறுக்கத்துக்கு மாறாக எழுந்த முயற்சிகளுள் ஒன்று, 1920இல் அமெரிக்காவின் டால்ற்றன் நகரிலே ஹெலன் பார்க்ஹேர்ஸ்ற் அம்மையார் நடைமுறைப்படுத்திய திட்டம். அதில் மாணவர் ஒரு மாத வேலையை ஏற்று, பாடத்துக்கொன்றாக அமைந்த அறைகளில் ஆசிரியரை அணுகித் தத்தம் வேகத்திற் கற்றனர்; முன்னேற்றம் வரைபடத்திற் குறிக்கப்பட்டது. தாமே வாசித்து விளங்க வல்லார்க்கு அது பெருநன்மை பயந்தது; ஏனையோர்க்கு ஆசிரியரின் அண்மை மேலும் வேண்டப்பட்டது.

1945இல் நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து பள்ளிக் கதவுகளை அகலத் திறந்தது. வாயிலைக் கடந்து வந்த பிள்ளையைத் தனித்தனி அறிதல் அதனைத் தொடரும் கடமையாகும். இக்காலத்திற் கணினியும் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு பாடம் வகுத்தளிக்கின்றது. ஆசிரியர் தம் மாணவரை அணுகியறிய அது துணைபுரியுமாயின் வரவேற்போம். ஆசிரியரின் தொகையைக் குறைத்தற்கே அது கொள்ளப்படுமாயின், சென்னையிலிருந்து இலண்டன் சென்ற சட்டாம்பிள்ளைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.