விதியா, விற்றவன் பொறுப்பா?

ஏழைத்தாய் ஒருத்தி காசு கொடுத்து எண்ணெய் வாங்குகிறாள். கலப்பட எண்ணெய்! இரவுக்குள் பிள்ளை சுருண்டு விழுகிறது. "தலைவிதி" என்கிறார் அண்டைவீட்டார். "கிரகக் கோளாறு" என்கிறார் சோதிடர். "பார்த்து வாங்கியிருக்கவேண்டும்" என்கிறார் கடைக்காரர். மூவர் வாக்கும் முடிவில் ஒன்றே: விற்றவன் மீது பழியில்லை!

இம்முடிவை ஏற்க மறுத்த சட்டமொன்று நம் காரைக்காலில் இருந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான ஊர் இது. 1804இல் பிரான்சில் பிறந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு, 1819இல் இங்கும் அறிவிக்கப்பட்டது. அதன் 1641ஆம் பிரிவு கூறுவதென்ன? பொருளில் மறைந்துகிடந்து அதைப் பயனற்றதாக்கும் குறைக்கு விற்றவரே பொறுப்பு. வாங்கியவர் பொருளைத் திருப்பித் தந்து விலையைப் பெறலாம். பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியையும் கேட்கலாம். குறையை அறிந்தே விற்றவர், விளைந்த இழப்பு முழுவதையும் ஈடுசெய்ய வேண்டும்.

நண்டலாற்றைக் கடந்தால் பிரிட்டிஷ் தஞ்சை மாவட்டம். அங்கே வந்த 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமோ, சில விலக்குகள் அளித்தபோதிலும், "வாங்குவோனே, விழித்திரு!" என்பதையே பொதுவிதியாகக் கொண்டது. பிரிட்டனிலேயே, இஞ்சிப்பானப் புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததென்று ஓர் ஏழைப்பெண் 1929இல் வழக்கிட்டார். பானத்தை வாங்கித் தந்தவர் அவருடைய தோழி. எனவே ஒப்பந்தமில்லை, உரிமையுமில்லை என்றனர் எதிர்த்தரப்பினர். 1932இல் பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற கணக்கில், தயாரித்தவருக்கு நுகர்வோர்பால் கடமையுண்டு என்று தீர்த்தது. ஒரே ஒருவர் மாறியிருந்தால்?

ஆயின், பிரெஞ்சு ஆட்சியைப் போற்றிப் பாடவோ நாம் வந்தோம்? இல்லை! திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் சாதி வழக்கங்களை அப்படியே விட்டுவைத்த ஆட்சி அது. வழக்குமன்றத்தின் மொழியோ பிரெஞ்சு. எழுத்தறியா உழவனுக்கு 1641ஆம் பிரிவு, பூட்டிய பெட்டிக்குள் வைத்த பொன்! ஏட்டில் இருந்த உரிமை வீட்டுக்கு வரவில்லை.

கொள்வதை மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அவர்தம் பூம்புகார் நமக்கு வடக்கே, கூப்பிடு தொலைவில்! எனினும் அது வணிகனின் நெஞ்சை நம்பிய அறம். நெஞ்சு கெட்டவனையும் கட்டுப்படுத்துவது எது? சட்டம், அதைக் கேட்டுப் பெறும் மக்கள்.

1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது; 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 சூலையில் நடைமுறையேறி, குறையுள்ள பொருளால் தீங்குற்றால் தயாரித்தவர், விற்றவர், பழுதுபார்த்துப் பேணியவர் ஆகியோரிடம் இழப்பீடு கோரும் வழியை வகுத்திருக்கிறது.

இளைஞர்களே! இனியும் பெட்டி பூட்டியே கிடக்கலாமா? ரசீதைக் கேளுங்கள், பத்திரப்படுத்துங்கள், எழுதத் தெரியாத அண்டைவீட்டாருக்கு முறையீட்டை எழுதிக் கொடுங்கள். பிள்ளையின் நோய்க்குக் காரணம் கோளில் இல்லை, குப்பியில் இருக்கிறது! தலைவிதியைத் தள்ளிவிட்டுச் சட்டவிதியைக் கையிலெடுப்போம்!