கரும்பலகையில் நான் பாதி வரைந்த கோடாரி



அமெரிக்க வரலாறு நடத்தும்போது கரும்பலகையில் ஒரு சின்னக் கோடாரி வரைவேன். "இதுதான் டொமஹாக். செவ்விந்தியர்களின் கொலைக் கருவி" என்பேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சிறுவயதில் பார்த்த கௌபாய் படங்களை நம்பிச் சொன்னேன். அந்தப் பாடத்தை இன்று திருத்துகிறேன்.

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, பேரன் ஒரு டொமஹாக் தலை வாங்கி வைத்திருந்தான். அச்சில் வார்த்தெடுத்தது, அப்படியே கரடுமுரடாக இருந்தது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் வரப்பு போல ஒரு கோடு. விளிம்பில் கூர்மையே இல்லை. "தாத்தா, ரெண்டு பேரும் சேர்ந்து முடிக்கலாமா?" என்றான்.

இரண்டு நாள் பிடித்தது. பட்டை அரத்தால் அந்த வரப்பைத் தேய்த்தோம். பிடி நுழையும் துளையின் உட்புறத்தை அரைவட்ட அரத்தால் சீராக்கினோம். பிறகு உப்புத்தாள், முதலில் முரடானது, அப்புறம் நைசானது. கூர் வைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்தோம். சூடேறி விளிம்பில் நீலம் படிந்தால் இரும்பின் பதம் போய்விடும். பிடியை நம் பிக்காசுக்குப் போடுவது போல மேலிருந்து இறக்கினோம். பிடியின் மேல்நுனி தடிமன் என்பதால் ஆப்பே வேண்டாம். வீச வீசத் தலை இறுகும். கடைசியில் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய்.

அரம் ஓடிய நேரமெல்லாம் அவனுக்குச் சரியான வரலாற்றைச் சொல்ல வேண்டுமே என்று படிக்கத் தொடங்கினேன்.

'டொமஹாக்' என்பது வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்களுடைய மொழியிலிருந்து வந்த சொல். 1607-ல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர் அவர்களிடம் கேட்டுக் கற்றது. அப்போது அந்த மக்களிடம் கல் தலைக் கோடாரிதான். இரும்பு உருக்கும் தொழில் அங்கே இல்லை. பீவர் தோலுக்கு மாற்றாக ஐரோப்பிய வியாபாரிகள் இரும்புத் தலைகளைக் கொடுத்தார்கள். பெரும்பாலும் அவை வார்த்தவை அல்ல. கொல்லர் இரும்புப் பட்டையை வளைத்து, துளை விட்டு அடித்துச் சேர்த்து, விளிம்பில் எஃகுத் துண்டு வைத்தார்கள். பித்தளைத் தலைகளை வார்த்ததும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஒருபுறம் வெட்டும் விளிம்பு, மறுபுறம் புகையிலைக் கிண்ணம் என்று ஒரு வகை வந்தது. துளையிட்ட பிடியே புகைக்குழாய். ஒப்பந்தம் பேசும் இடங்களில் அதைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 1804-05 குளிர்காலத்துக் கதை. லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக்குழு இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன் மக்களின் ஊர்களுக்கருகே கோட்டை கட்டித் தங்கியது. உணவு போதவில்லை. மாண்டன் மக்களிடம் விளைந்த மக்காச்சோளம் இருந்தது. குழுவின் கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் அவர்களுக்குப் போர்க்கோடாரி அடித்துக் கொடுத்து, சோளம் வாங்கினார். வேறு எந்த வழியிலும் சோளம் கிடைத்திருப்பது கடினம் என்று லூயிஸே தன் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கோடாரியின் வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை: மெல்லிய தலை, பெரும்பாலும் 14 அங்குலத்தைத் தாண்டாத குட்டைப் பிடி. ஆனால் கேட்டவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கொல்லர் அதைத்தான் அடித்தார்.

1806-ல் குழு திரும்பி வரும் வழியில், ராக்கி மலைக்கு மேற்கே நெஸ் பெர்ஸ் மக்களிடம் அந்தக் கோடாரிகளில் ஒன்றைக் கண்டார்கள். கை மாறி மாறி மலையைக் கடந்திருக்கிறது.

டொமஹாக் போரில் உயிர் பறித்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதே கோடாரி விறகு வெட்டியது, சமாதானம் பேசியது, பசித்தவர்களுக்குச் சோளம் வாங்கித் தந்தது. தனக்கு வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்த விவசாயிகளை, வகுப்பில் நான் வெறும் கொலைகாரர்களாகக் காட்டிவிட்டேன்.

என் மாணவர்களில் சிலர் இன்று வரலாற்று ஆசிரியர்கள். கரும்பலகையில் கோடாரி வரைந்தால், பக்கத்தில் ஒரு சோளக்கதிரையும் வரைந்துவிடுங்கள். நான் விட்ட பாதி அது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்