எலுமிச்சை கற்பித்த பாடம்

மதுரையிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? இராசபாளையத்தைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறமாகப் பார்த்துக்கொண்டே போனால் புளியங்குடி வரும். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு ‘எலுமிச்சை நகரம்’ என்றே பெயர். இங்கிருந்து மூட்டை மூட்டையாக எலுமிச்சை கேரளத்திற்கும் பிற ஊர்களுக்கும் செல்கிறது.

கோடையில் எலுமிச்சையின் விலை ஏறும்; மழை விழுந்தால் இறங்கும். சில வேளைகளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாம் வாங்கிக் குவித்த பழங்களிலும் பாதி, கூடையிலேயே காய்ந்து சுருங்கிவிடும். மலிந்த காலத்துப் பழத்தை அரிய காலத்திற்குக் காத்து வைக்க முடியாதா? இது புளியங்குடியின் கேள்வி மட்டுமன்று. ஒரு பேரரசின் கடற்படையே இக்கேள்வியில் இடறி விழுந்திருக்கிறது!

கடலில் ஒரு சோதனை

நெடுங்கடல் சென்ற மாலுமிகளைப் புயலைவிட அதிகமாகக் கொன்றது ‘ஸ்கர்வி’ என்னும் நோய். ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், ஆறிப்போன பழைய புண்களும் மீண்டும் வாய் திறக்கும்.

1747ஆம் ஆண்டு மே மாதம் ‘சாலிஸ்பரி’ என்ற ஆங்கிலக் கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட் ஒரு சோதனை செய்தார். நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே உணவு. மருந்து மட்டும் வேறு வேறு. ஓர் இணைக்கு வினிகர், இன்னோர் இணைக்குக் கடல்நீர் என்று கொடுத்து வந்தார். ஓர் இணைக்கு மட்டும் நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் அளித்தார். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறியிருந்தார்.

மருந்து கிடைத்துவிட்டது. அதை மாதக்கணக்கில் கப்பலில் எப்படி வைத்திருப்பது? சாற்றைச் சூடாக்கிக் குழம்பாகச் சுண்டவைத்துக் குப்பியில் அடைக்கலாம் என்றார் லிண்ட். குழம்பு கெடவில்லை, ஆனால் நோயும் தீரவில்லை! நோய் தீர்க்கும் பொருள் வெப்பத்தில் அழிந்துபோனதை அவர் அறியார்.

1795இல் பிரிட்டிஷ் கடற்படை, கில்பர்ட் பிளேன் முதலியோரின் வற்புறுத்தலால் எலுமிச்சைச் சாற்றையே மாலுமிகளுக்கு வழங்கத் தொடங்கியது. ஸ்கர்வி பெரிதும் ஒழிந்தது.

மீண்டும் வந்த பகை

கதை இத்துடன் முடியவில்லை. அதுவரை வழங்கியது மத்தியதரைக் கடற்பகுதியின் ‘லெமன்’ பழத்தின் சாறு. 1860களில் அதை விட்டுவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் ‘லைம்’ பழத்திற்கு மாறினார்கள். லைம் வேறு யாருமில்லை; ஆசியாவில் தோன்றிக் கடல் கடந்து போன நம் எலுமிச்சையின் இனந்தான்! லெமனைவிடப் புளிப்பு மிகுந்தது. ஆதலால் மருந்தாகவும் சிறந்தது என்று எண்ணினார்கள். அதன் சாறோ தொட்டிகளில் காற்றுப்படக் கிடந்து, செம்புக் குழாய்கள் வழியே ஓடிப் புட்டிகளை அடைந்தது.

1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் இரு கப்பல்கள் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டன. குளிர்காலம் முழுவதும் கப்பலில் எலுமிச்சைச் சாறு அருந்தி வந்தவர்களே, வசந்தத்தில் பனிவண்டி இழுத்துச் சென்றபோது ஸ்கர்வியால் வீழ்ந்தார்கள். சிலர் மாண்டனர். 1876இல் பயணத்தைக் குறுக்கிக்கொண்டு திரும்ப நேர்ந்தது.

புதிர் அவிழ 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவருடைய தோழியரும் விலங்குகளுக்கு இச்சாறுகளைக் கொடுத்துச் சோதித்தனர். புதிய லைம் சாற்றின் நோய் தீர்க்கும் ஆற்றல் லெமன் சாற்றினுடையதில் ஏறக்குறைய கால் பங்குதான்! சேமித்து வைத்த லைம் சாற்றிலோ அது பெரும்பாலும் இல்லை. புளிப்பு வேறு, மருந்து வேறு என்பது விளங்கிற்று.

அந்த மருந்துப் பொருளை 1928இல் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் செண்ட்-கியோர்கி. அதுவே வைட்டமின் சி என்பது 1932இல் தெளிவாயிற்று. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை அழிக்கும். செம்பு பட்டால் அந்த அழிவு மேலும் விரைவாகும்.

ஜாடிக்குள் பௌதிகம்

இனி, நம் வீட்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்து பாருங்கள். நறுக்கிய எலுமிச்சையில் உப்பைக் கொட்டினால் சில நாட்களில் நீர் விட்டுக்கொள்கிறது. ஊடுபரவல் முறையில் செல்களிலிருந்து நீர் வெளியேறுவதே காரணம். உப்புக் கரைசல் நுண்ணுயிர்களிடமிருந்தும் நீரைப் பறிக்கிறது. சாற்றின் அமிலமும் அவற்றை வளர விடுவதில்லை. ஈரக்கரண்டி இடாதே, வாய்க்கு வேடு கட்டு, பித்தளையில் புளிப்பை வைக்காதே என்று பாட்டி சொன்னதெல்லாம் பொருளற்ற கட்டுப்பாடுகள் அல்ல.

ஆயினும் ஓராண்டு ஊறிய காயில் புதுப்பழத்தின் வைட்டமின் சி முழுவதும் இருக்குமென்று எண்ணிவிடக் கூடாது. கெடாமல் காப்பது வேறு. சத்துக் குறையாமல் காப்பது வேறு. நுண்ணுயிரை உப்பு தடுக்கும். ஆக்சிஜனை அது முற்றும் தடுக்காது.

சத்தும் வேண்டுமென்றால் பழத்தை முழுதாகவே வைக்க வேண்டும். அதற்குத் தோலே சிறந்த புட்டி! அது உலராமல், இளங்குளிர்ச்சியில் இருந்தால் போதும். குளிர்பதனக் கிடங்கில் எலுமிச்சைக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை ஏற்றது. அதற்கும் கீழே நெடுநாள் வைத்தால் தோலில் பள்ளங்கள் விழும்.

மின்சாரம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் ஓர் எளிய அறையை வகுத்தது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவே மணல், மணலில் தண்ணீர். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், உள்ளே குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆனால் காற்று ஈரமாயிருக்கும் மழைக்காலத்தில் நீர் எளிதில் ஆவியாகாது. அறையும் அவ்வளவாகக் குளிராது. பழம் மலிந்து கிடப்பதும் அப்போதுதான் என்பதை மறவாதீர்கள். ஆகவே அக்காலத்தில் உப்பையும் ஜாடியையும் நாடுவதே அறிவுடைமை.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள ஆறு எலுமிச்சைகளை எடுத்து, இரண்டைத் திறந்த தட்டிலும், இரண்டை ஈரத்துணி சுற்றிய மண்சட்டியிலும், இரண்டை மூடிய டப்பாவிலும் வையுங்கள். நாள்தோறும் எடை போட்டுக் குறித்து வாருங்கள். பத்தாம் நாள் உங்கள் ஏடு காட்டும் கணக்கு, வீட்டில் வீணாகும் காய்கறிகளுக்கும் பொருந்தும். லிண்ட் செய்ததும் இத்தகைய ஒப்பீடுதானே!