சக்கரமும் சட்டமும் – 12: ஸ்டீயரிங்கில் யார் கை?

சென்ற வாரம்: 1899 செப்டம்பர் 13. நியூயார்க்கில் டிராமிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் மீது பேட்டரியில் ஓடும் டாக்ஸி ஒன்று மோதியது. மறுநாள் காலை அவர் இறந்தார். டாக்ஸி ஓட்டுநர் ஆர்தர் ஸ்மித் கைதாகி, மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கூண்டில் நின்றார். தீர்ப்பு என்ன?

விடுதலை. ஸ்மித்திடம் கெட்ட எண்ணமும் இல்லை, அலட்சியமும் இல்லை என்று நீதிமன்றம் அவரை அனுப்பிவைத்தது. அமெரிக்காவில் மோட்டார் வாகனம் மோதி உயிரிழந்த முதல் பாதசாரியாக வரலாறு குறிக்கும் மனிதரின் வழக்கு அப்படித்தான் முடிந்தது.

அந்த வழக்கில் ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. வண்டியை ஓட்டியவர் ஸ்மித். தவறு அவருடையதா இல்லையா என்பதுதான் விவாதம். வண்டியை ஓட்டியது யார் என்பதே வழக்காக மாறுவதற்கு இன்னும் 118 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

*

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரம்.

9:14 மணிக்கு ஊபர் நிறுவனத்தின் கூடத்திலிருந்து ஒரு வோல்வோ எக்ஸ்சி90 கார் கிளம்பியது. கூரையில் லிடார், முன்னும் பின்னும் ரேடார், சுற்றிலும் கேமராக்கள். தானே ஓடப் பழகிக்கொண்டிருந்த கார். உள்ளே ஒரே ஒரு பெண். அவருடைய பதவி, பாதுகாப்பு ஓட்டுநர். கார் தானாக ஓடும்போது சாலையைப் பார்த்துக்கொண்டே இருப்பதும், தேவைப்பட்டால் நொடியில் ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் கையிலெடுப்பதும் அவர் வேலை.

நிர்ணயித்த பாதையில் அன்று இரவு இரண்டாவது சுற்று. 19 நிமிடங்களாகக் கணினிதான் காரை ஓட்டிக்கொண்டிருந்தது. மில் அவென்யூவில் வடக்கு நோக்கி, மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகம்.

அதே நேரம், 49 வயதுப் பெண் ஒருவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தார். கறுப்பு உடை. சைக்கிளில் பைகள் தொங்கின. பாதசாரிகள் கடக்க வேண்டிய இடம் சுமார் 110 மீட்டர் தள்ளி இருந்தது. ஆனால் அவர் கடந்துவந்த இடத்தில் சாலையின் நடுத்திட்டில் செங்கல் பதித்த பாதை ஒன்று இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது நடப்பதற்கான வழியாகவே தோன்றும். நடக்கக்கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் நட்டிருந்தார்கள்.

மணி 9:58.

*

அடுத்து நடந்ததை விநாடி விநாடியாகச் சொல்ல முடியும். விமான விபத்துகளை ஆராயும் அதே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், என்டிஎஸ்பி, அந்தக் காரின் நினைவகத்தை அலசி எடுத்தது.

மோதலுக்கு 5.6 விநாடிகள் முன்பே ரேடார் அந்தப் பெண்ணைக் கண்டுகொண்டது. கார் என்று மென்பொருள் முதலில் முடிவுகட்டியது. பிறகு, இன்னதென்று தெரியாத பொருள். பிறகு மறுபடியும் கார். பிறகு சைக்கிள். ஒவ்வொரு முறை அடையாளம் மாறியபோதும், அந்தப் பொருள் இதுவரை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற பதிவைக் கணினி கைவிட்டது. எனவே அது தன் பாதைக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று கணிக்க அதனால் முடியவில்லை.

பாதசாரி என்ற முடிவுக்கு மட்டும் அது கடைசிவரை வரவில்லை. கடக்குமிடம் அல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதையே அந்த மென்பொருளை எழுதியவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

1.2 விநாடி மிச்சமிருந்தபோது மோதல் நிச்சயம் என்று கணினிக்குப் புரிந்தது. அப்போதும் பிரேக் விழவில்லை. காரணமில்லாமல் அடிக்கடி பிரேக் பிடிப்பதைத் தவிர்க்க, ஆபத்து தெரிந்தாலும் ஒரு விநாடி பொறுத்திருக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். அந்த ஒரு விநாடியும் போனது. 0.2 விநாடி இருக்கையில்தான் எச்சரிக்கை ஒலி எழுந்தது.

வோல்வோ காரோடு பிறந்த அவசர பிரேக் வசதி ஒன்றும் அதில் இருந்தது. கணினி ஓட்டும்போது அது வேலை செய்யாதபடி ஊபர் துண்டித்து வைத்திருந்தது. அந்த வசதி இயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வோல்வோ பின்னர் 20 விதமாகக் கணினியில் ஓட்டிப் பார்த்தது. 17 முறை மோதலே நிகழவில்லை.

ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கைப் பற்றியது மோதலுக்கு 0.02 விநாடி முன்பு. கால் பிரேக்கை மிதித்தது மோதிய பிறகு. சைக்கிளோடு வந்த பெண் பிழைக்கவில்லை. தானாக ஓடும் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்.

5.6 விநாடி என்பது குறைந்த அவகாசமில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்த ஓட்டுநரும் அதற்குள் வண்டியை நிறுத்திவிடலாம். அப்படியானால் அந்த ஓட்டுநரின் கண்கள் எங்கே இருந்தன?

*

காரின் உள்ளே ஒரு கேமரா ஓட்டுநரின் முகத்தையே படமெடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாளே டெம்பி நகரக் காவல்துறைத் தலைவர் சில்வியா மாய்ர் ஒரு பேட்டி தந்தார். இருட்டிலிருந்து திடீரென்று ஒருவர் வந்தால் யார் ஓட்டினாலும் தவிர்ப்பது கடினம், ஊபர் மீது தவறு இருக்க வாய்ப்பில்லை என்ற தொனியில் பேசினார். மார்ச் 21 அன்று காவல்துறை வீடியோவை வெளியிட்டது. முன்பக்கக் கேமராவின் காட்சியில் சாலை கும்மிருட்டாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதே இடத்தில், இரவு நேரத்தில், தங்கள் போனில் எடுத்த படங்களை வெளியிட்டார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் சாலை தெளிவாகத் தெரிந்தது!

இன்னொரு காட்சி எல்லோரையும் உறையவைத்தது. ஓட்டுநர் குனிந்து கீழே பார்க்கிறார், நிமிர்கிறார், மறுபடி குனிகிறார். கடைசி ஆறு விநாடிகளில் ஏறத்தாழ ஐந்து விநாடிகள் அவர் கண்கள் சாலையில் இல்லை.

காரின் நடுவே இருந்த திரையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் விசாரணை அதிகாரிகளிடம் சொன்னார். தன்னிடம் சொந்த போன், அலுவலக போன் இரண்டும் இருந்தன, விபத்துக்குப் பிறகு 911-ஐ அழைக்கும்வரை இரண்டையும் பயன்படுத்தவில்லை என்றார்.

காவல்துறை இணையவழித் தொலைக்காட்சி நிறுவனமான ஹுலுவிடமிருந்து பதிவுகளைக் கேட்டு வாங்கியது. அவற்றில் என்ன இருந்தது?

அன்றிரவு அந்த ஓட்டுநரின் கணக்கில் ‘தி வாய்ஸ்’ என்ற பாட்டுப் போட்டி நிகழ்ச்சி சுமார் 42 நிமிடங்கள் ஓடியிருந்தது. நின்ற நேரம் 9:59.

2018 ஜூனில் வெளிவந்த காவல்துறை அறிக்கை இன்னும் நுணுக்கமாகப் போனது. கார் நகர்ந்துகொண்டிருந்த 21 நிமிடம் 48 விநாடிகளில் 6 நிமிடம் 47 விநாடிகள் ஓட்டுநர் கீழே பார்த்திருக்கிறார். மொத்தம் 204 தடவை. விபத்து முற்றிலும் தவிர்த்திருக்கக் கூடியது என்று அறிக்கை முடித்தது.

நிகழ்ச்சி ஓடியது உண்மை, ஆனால் காதால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார், கண்கள் பார்த்தது அலுவலகத் தகவல்கள் வரும் இன்னொரு போனை என்று அவர் தரப்பு பின்னர் வாதாடியது.

*

இந்த இடத்தில் வழக்கு ஒரே கோட்டில் போயிருக்க வேண்டும். போகவில்லை.

முதல் சிக்கல், வழக்கை நடத்த வேண்டிய மாரிகோபா கவுன்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிரான பிரசாரம் ஒன்றில் முன்பு ஊபருடன் கைகோத்திருந்தது. எனவே வழக்குக் கோப்பு பக்கத்து யாவபாய் கவுன்டிக்குப் போனது. அங்கே அரசு வழக்கறிஞர் ஷீலா போக். அவர் கையில் இரண்டு கேள்விகள்: நிறுவனம் குற்றவாளியா? ஓட்டுநர் குற்றவாளியா?

ஊபர் நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல நிறையவே இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு சோதனைக் காரிலும் இருவர் உட்கார்ந்தார்கள். ஒருவர் சாலையைப் பார்ப்பார், மற்றவர் குறிப்பெடுப்பார். விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு அதை ஒருவராகக் குறைத்தார்கள். சாலையைப் பார்க்க வேண்டியவரே திரையையும் கவனிக்க வேண்டும் என்றானது. உட்புறக் கேமரா ஓட்டுநரைப் படமெடுத்தது, அந்தப் படத்தை மேலதிகாரிகள் எடுத்துப் பார்ப்பது அபூர்வம். அந்தப் பிரிவுக்கென்று முறையான பாதுகாப்புத் திட்டமோ, பாதுகாப்புக்கென்றே ஓர் அதிகாரியோ அப்போது இல்லை.

அரிசோனா அரசும் தள்ளி நிற்க முடியாது. 2016 டிசம்பரில் சோதனைக்கு அனுமதி வாங்கும்படி கலிபோர்னியா நெருக்கியபோது, அரிசோனா ஆளுநர் டக் டூசி ஊபரை இரு கைகளையும் விரித்து வரவேற்றார். வண்டிகள் லாரியில் ஏறி அரிசோனாவுக்கு வந்தன. மேற்பார்வை என்று சொல்லும்படி மாநிலம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. விபத்து நடந்து எட்டாம் நாள் அதே டூசிதான் ஊபரின் சோதனைகளை நிறுத்தினார்.

2019 மார்ச் தொடக்கத்தில் ஷீலா போக்கின் கடிதம் வந்தது. ஊபர் நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடுக்க அடிப்படை இல்லை!

இறந்தவரின் குடும்பத்தோடு நிறுவனம் விபத்து நடந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே சமரசம் பேசி முடித்திருந்தது. இப்போது குற்ற வழக்கிலிருந்தும் விடுபட்டது. ஓட்டுநரின் பெயர் மட்டும் கோப்பில் மிஞ்சியது. அவர் இருந்த இடத்திலிருந்து அந்த நேரத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று நிபுணர்களைக் கொண்டு ஆராயச் சொல்லி, கோப்பை மாரிகோபாவுக்கே போக் திருப்பி அனுப்பினார்.

*

2019 நவம்பர் 19. வாஷிங்டனில் என்டிஎஸ்பி கூடியது. தலைவர் ராபர்ட் சம்வால்ட்.

விபத்துக்கு முதன்மைக் காரணம், சொந்த போனில் கவனம் சிதறி ஓட்டுநர் சாலையைக் கண்காணிக்கத் தவறியது என்று வாரியம் முடிவு செய்தது. அத்தோடு நிறுத்தவில்லை. ஊபரின் பலவீனமான பாதுகாப்பு ஏற்பாடு, ஓட்டுநர்களைக் கண்காணிக்காதது, அரிசோனாவின் போதாத மேற்பார்வை, கடக்குமிடத்துக்கு வெளியே சாலையைக் கடந்தது என்று எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தது. எந்திரம் நன்றாக ஓடிக்கொண்டேயிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் விழிப்பு தளரும். இது ஒருவருடைய குணக்கேடு மட்டுமல்ல, மனித மூளையின் இயல்பு. அதைத் தெரிந்தும் தடுக்க ஏற்பாடு செய்யாதது நிறுவனத்தின் தவறு.

ஆனால் என்டிஎஸ்பியால் பரிந்துரைதான் செய்ய முடியும், யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. சட்டத்தின் கையோ தனியொரு மனிதரைத்தான் எளிதில் எட்டிப் பிடிக்கிறது. ஒரு நிறுவனத்தின் பல மேஜைகளில் பலர் எடுத்த முடிவுகள் சேர்ந்து ஓர் உயிரைப் பறிக்கும்போது, யாரைக் கூண்டில் நிறுத்துவது என்று தெரியாமல் அது திகைக்கிறது. அதற்காக அந்தப் போனை மன்னித்துவிட முடியுமா? முடியாது. சாலையைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர் சாலையைப் பார்க்கவில்லை, அதனால் ஒரு பெண் இறந்தார். ஒருவர் செய்த தவறைச் சொல்ல மற்றவர் செய்த தவறை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

*

2020 ஆகஸ்ட் 27. மாரிகோபா கவுன்டியின் கிராண்ட் ஜூரி ஓட்டுநர் மீது குற்றச்சாட்டைப் பதிவு செய்தது: கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்.

நம்மூரில் 304-ஏ என்று நீண்ட காலம் அறியப்பட்டு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவாகியிருக்கும் குற்றத்துக்கு நெருக்கமானது இது. அரிசோனா சட்டம் இதில் ஒரு நுட்பமான வேறுபாடு வைத்திருக்கிறது. ஆபத்து இருப்பது தெரிந்தும் துணிந்து புறக்கணித்தால் அது ஒரு வகைக் குற்றம். தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தை உணரவே தவறினால் இன்னொரு வகை. ஓட்டுநர் மீது வந்தது இந்த இரண்டாவது. கார் ஆபத்தான கருவி என்று சேர்த்துக் குறிப்பிட்டிருந்ததால், குற்றம் உறுதியானால் நான்கு முதல் எட்டு ஆண்டுகள் சிறை.

செப்டம்பர் 15 அன்று அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்தார்.

அதன் பிறகு மாதங்கள் ஓடின. விசாரணைத் தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. இதற்கிடையில் 2020 டிசம்பரில் ஊபர் தன் தானியங்கி கார் பிரிவையே அரோரா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. விபத்து நடந்தபோது அரிசோனாவில் வண்டி ஓட்டிக்கொண்டே போனைக் கையில் வைத்திருப்பதைத் தடுக்கும் மாநிலச் சட்டம்கூட இருக்கவில்லை. 2019-ல் கையெழுத்தான அப்படியொரு சட்டத்தின் கீழ் 2021 ஜனவரி 1 முதல் அபராதம் விழத் தொடங்கியது. கூண்டில் நிற்க மட்டும் ஒருவர் காத்திருந்தார். அவருடைய வழக்கறிஞர்களின் கையில் என்டிஎஸ்பி அறிக்கை இருந்தது. விசாரணை நடந்தால் ஊபரின் ஒவ்வொரு முடிவும் ஜூரிகளின் முன்னால் விரியும்.

2023 ஜூலை 28. நீதிபதி டேவிட் கார்பரினோவின் நீதிமன்றம். மோதல் நடந்து ஐந்தாண்டு கடந்துவிட்டது. ஓட்டுநர் நீதிபதியின் முன்னால் நின்றார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டார்!

ஆனால் அவர் ஒப்புக்கொண்டது, மூன்று ஆண்டுகளாக அவர் மீது நிலுவையில் இருந்த குற்றத்தை அல்ல. அப்படியானால் எதை? எட்டு ஆண்டு சிறை வரை போயிருக்கக்கூடிய வழக்கில் நீதிபதி விதித்த தண்டனை என்ன?

(அடுத்த வாரம்)