இரு தடமும் பதினாறு தடமும்: கேன் இசைக்குழுவின் ஒலி மாற்றம்

மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் 1968இல் தோன்றிய ‘கேன்’ குழுவின் வரலாறு பெரும்பாலும் அதன் பாடகர்களைக் கொண்டே எழுதப்படுகிறது: அமெரிக்கரான மால்கம் மூனியின் காலம், ஜப்பானியரான டாமோ சுசுகியின் காலம், அதன் பின்னான சரிவு. இப்பகுப்பு வசதியானதே. ஆயினும் அக்குழுவின் ஒலி ஏன் மாறியது என்பதற்கு அதன் ஒலிப்பதிவுக் கருவி இன்னும் தெளிவான விடை தருகிறது.

சைக்கடெலிக் ராக் இளைஞர்களின் இசை. கேனைத் தொடங்கியோரில் மூவர் முப்பது வயதை எட்டியவர்கள். இர்மின் ஷ்மிட்டும் ஹோல்கர் சூக்காயும் நவீன இசை மேதை ஸ்டாக்ஹௌசனிடம் பயின்றவர்கள். டிரம்ஸ் கலைஞர் யாக்கி லீபட்சைட், தாளக்கட்டைத் துறந்த ஜாஸில் சலிப்புற்று வந்தவர். கிட்டார் வாசித்த மிஷேல் கரோலி மட்டுமே இளையவர். அவரும் சூக்காயின் மாணவர்.

முதலில் நோர்வெனிஹ் என்னும் ஊரின் பழைய மாளிகையிலும், 1971இன் இறுதியிலிருந்து வைலர்ஸ்விஸ்ட்டில் கைவிடப்பட்ட திரையரங்கிலும் அவர்கள் பதிவு செய்தனர். எதிரொலியை அடக்கத் திரையரங்கின் சுவர்களில் ராணுவ மெத்தைகளைத் தொங்கவிட்டனர். கையிலிருந்ததோ இரு தடக் கருவி. ஐவரின் ஒலியும் ஒருசேர நாடாவில் பதிந்துவிடும். ஒருவர் பிழைத்தால் அவருடையதை மட்டும் பின்னர் நீக்க இயலாது. ஆகவே ஒருவரையொருவர் செவிமடுத்தே வாசிக்க நேர்ந்தது. மணிக்கணக்கில் நீண்ட வாசிப்பைச் சூக்காய் வெட்டி ஒட்டிப் பாடலாக்கினார். இங்கே கத்தரிக்கோலும் ஓர் இசைக்கருவி எனலாம். 1971இல் வெளிவந்த ‘டாகோ மாகோ’ இரட்டை இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், 18 நிமிடங்களுக்கு மேல், ‘ஹாலெலூவா’ என்ற ஒரே பாடல் நிறைக்கிறது. அதில் லீபட்சைட்டின் தாளம் இயந்திரம்போல் சுழல, பிறர் அதைச் சுற்றியே இயங்குகின்றனர்.

மியூனிக் நகரத் தெருவில் பாடிக்கொண்டிருந்த சுசுகியைக் கண்டு, அன்றிரவே மேடையேற்றியது 1970இல். அவர் குரலும் இன்னொரு வாத்தியமாகவே ஒலித்தது. 1973இன் ‘ஃபியூச்சர் டேஸ்’ தட்டில் அது இசைக்குள் ஏறக்குறைய கரைந்தேவிட்டது. அவ்வாண்டே அவர் விலகினார்.

ஆனால், அவர் விலகிய பின்னரும் 1974இன் ‘சூன் ஓவர் பாபலூமா’ பழைய நெருக்கத்தை இழக்கவில்லை. உண்மையான திருப்பம் 1975இன் ‘லேண்டட்’ தட்டோடு வந்த பதினாறு தடக் கருவி. இனி ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தனியே பதியலாம், திருத்தலாம். ஒலி தெளிந்தது, பளபளத்தது, உரையாடல் மெலிந்தது. 1976இல் ‘ஐ வான்ட் மோர்’ நடன அரங்குகளுக்கு ஏற்ற பாடலாகி, இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. அதைத் துரோகம் என்பது மிகை, நல்ல பாடல்தான். அதை வேறு குழுக்களும் செய்திருக்கக்கூடும் என்பதே குறை.

1977இல் ரோஸ்கோ ஜீ பேஸ் கிட்டாரை ஏற்க, சூக்காய் சிற்றலை வானொலிக்கும் நாடாக்களுக்கும் நகர்ந்தார். விரைவில் குழுவையும் நீங்கினார். 1979இல் கேன் கலைந்தது. அவ்வாண்டு வெளியான தம் ‘மூவீஸ்’ தட்டில், சிற்றலையில் பிடித்த ஈரானியப் பாடகர்களின் குரல்களைச் சூக்காய் தம் இசையோடு வெட்டி ஒட்டியிருந்தார்.